வானமும் ஒரு கம்பி முனையும்

விமானம் பற்றிய இலக்கியம் என்றால் நமக்கு முதலில் நினைவு வருபவர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. மணற்பரப்பும் விண்மீன்களும் தனிமையும் அவரது உரைநடையில் பெற்ற ஒளியை மறுக்க முடியாது. ஆனால் 1935 டிசம்பரில் சஹாராவில் விமானம் நொறுங்கியபோது அவருடன் தாகத்தில் அலைந்த இன்னொருவர் உண்டு: மெக்கானிக் ஆந்த்ரே பிரேவோ. அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பறத்தலை எழுதியவர்கள் பலர். பறக்கவைக்கும் கம்பியை எழுதியவர்கள் சிலரே. அந்தக் கம்பியும் வாசிக்கத் தக்க ஒரு பிரதிதான் என்பது என் தரப்பு. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று மிகச் சிறியது: வீட்டில் கட்டிய விமானத்தின் எஞ்சினில் இக்னிஷன் காயில் கனெக்டர்களை மாற்றிக் கம்பி இணைக்கும் வேலை.

அமெரிக்காவில் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே தமக்கான விமானத்தைக் கட்டிக்கொள்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1953இல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி தொடங்கிய இ.ஏ.ஏ. என்ற சங்கம் அவர்களுடையது. விமானத்தின் பெரும்பகுதியை, தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் இப்பணியை மேற்கொண்டவர்களே செய்திருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு விதி. விமான விதிகளுக்கு நடுவே 'கல்வி' என்ற சொல் வந்து அமர்ந்திருப்பது ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு வியப்பளிக்கிறது. கூடவே, ஏறும் வழியருகே 'எக்ஸ்பெரிமென்டல்' என்று குறைந்தது 2 அங்குல உயர எழுத்துகளில் எழுதியிருக்க வேண்டும். ஏறுகிறவர் எதில் ஏறுகிறோம் என்று அறிந்தே ஏறட்டும் என்பது நோக்கம்.

வழக்கமான சிறு விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றுக்கு மின்பொறி தர இரண்டு மாக்னெட்டோக்கள். மாக்னெட்டோ பேட்டரியை நம்பி இருப்பதில்லை. எஞ்சின் சுழலும்வரை தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வீட்டில் கட்டுபவர்களில் ஒரு சாராரோ கார் எஞ்சினை விமானத்தில் ஏற்றுகிறார்கள். இது புதிய ஆசை அன்று. மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் ஃபோர்டு மாடல் ஏ எஞ்சினைக் கொண்டு 1929இலேயே பறந்தார். இக்காலக் கார் எஞ்சின்களிலோ பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். ஒவ்வொரு காயிலுக்கும் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர்.

நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 20 முறை எரிய வேண்டும். எஞ்சினின் சூட்டில் கனெக்டரின் பூட்டு நாக்கு காய்ந்து ஒடிகிறது. அதிர்வில் உள்ளிருக்கும் தகரப் பூச்சுத் தகடுகள் நுண்ணளவில் உரசி, ஆக்சைடு படிந்து, மின்தொடர்பு விட்டுவிட்டு அறுகிறது. தரையில் மெதுவாக ஓடும்போது இக்குறை தலைகாட்டாமலே இருக்கலாம். முழு வேகத்தில் மேலேறும்போது எஞ்சின் விக்கும்.

ஒடிந்த கனெக்டரை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டும் பறக்கலாம். முறையான வழி நீண்டது. ஒவ்வொரு கம்பிக்கும் முதலில் அடையாளம் இட வேண்டும். ஒரு காயிலை முடித்த பின்பே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டின் கம்பிகள் இடம் மாறினால் பொறி தவறான சிலிண்டருக்குப் போகும். பிறகு அதே பருமனுள்ள கம்பி, புதிய முனை, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவி. ஈயப் பற்றுதான் உறுதி என்று நாம் எண்ணுவோம். ஆனால் உருகிய ஈயம் செம்பு இழைகளுக்குள் ஊறிச்சென்று நிற்கும் எல்லையில் கம்பி விறைத்துப்போகிறது. தாங்கல் இல்லையென்றால் அதிர்வு அதே இடத்தில் வளைத்து வளைத்து முறித்துவிடும். சரியாக இறுக்கிய கிரிம்பு செம்பை ஓரிடத்திலும், மேலுறையை இன்னோரிடத்திலும் பற்றுகிறது. இழுத்துப் பார்த்தபின், முனையின் மேல் கம்பியின் கனம் விழாதபடி அருகிலேயே கட்ட வேண்டும். நிலைமொழியும் வருமொழியும் சேரும் இடத்தில் ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் பொருள் பிறழும் என்று வகுப்பில் சொல்கிறோம். இங்கே பிறழ்வது பொருள் மட்டுமன்று.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. பாதுகாப்புக்கென்று இரண்டு இக்னிஷன் அமைப்புகளை வைத்துவிட்டு, இரண்டின் தரைக் கம்பியையும் ஒரே போல்ட்டில் கட்டுவது. அந்த ஒரு போல்ட் தளர்ந்தால் இரண்டும் ஒருசேர அணையும். எண்ணிக்கையில் இரண்டு, உண்மையில் ஒன்று.

இத்தகைய வேலையை அமெச்சூர்களிடம் விடலாமா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறு விமானங்களை உள்ளடக்கிய அந்நாட்டுப் பொது விமானப் பிரிவில் வீட்டில் கட்டியவை ஏறக்குறைய 10 சதவீதமே. ஆனால் 2011இல் அப்பிரிவின் விபத்துகளில் சுமார் 15 சதவீதமும், உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 சதவீதமும் அவற்றுடையவை. எஞ்சின் கோளாறு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இதை மழுப்பிவிட்டு அமெச்சூரைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

ஆயினும் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. விபத்துகள் புது விமானத்தின் முதல் சில பறத்தல்களில் மிகுதி; அதுபோலவே விமானம் கைமாறிய சில நாட்களிலும் மிகுதி. என் வாதம் இங்கேதான் நிற்கிறது. கட்டியவருக்குத் தன் விமானத்தின் ஒவ்வொரு கம்பியும் தெரியும். விலைக்கு வாங்கியவருக்கு? அவர் கையில் இருப்பது கட்டியவர் எழுதி வைத்தது மட்டுமே: கம்பி வரைபடம், லாக் புத்தகம், வயரின் மேல் ஒட்டிய சிறு சீட்டு. எந்த நிறக் கம்பியை எங்கே மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று எழுதாமல் விட்டவர், தாம் பார்த்திராத ஒரு வாசகரை ஆபத்தில் விட்டுச் செல்கிறார். தடையைவிட இந்த எழுத்தைக் கட்டாயமாக்கிக்கொள்வதே நல்ல தீர்வு.

நெவில் ஷூட் விமானப் பொறியாளராக இருந்து நாவலாசிரியர் ஆனவர். உலோகச் சோர்வால் விமானத்தின் வால் முறிவதை மையமாக்கி 1948இல் 'நோ ஹைவே' எழுதினார். 1954இல் இரண்டு காமெட் விமானங்கள் உலோகச் சோர்வாலேயே வானில் சிதறின. கம்பியையும் தகட்டையும் வாசிக்கத் தெரிந்த எழுத்துக்கு அத்தகைய பார்வை வாய்க்கிறது. அமெச்சூர் என்ற சொல்லின் வேரில் இருப்பது 'நேசிப்பவர்' என்ற பொருள். மூடி போட்டு மறைத்த பின் யாரும் பார்க்கப்போகாத ஒரு கம்பி முனையைத் திருத்தமாக இறுக்கி, அதை அடுத்தவருக்குப் புரியும்படி இரண்டு வரியில் எழுதி வைப்பவருக்கே அந்தச் சொல் பொருந்தும். அந்த இரண்டு வரியை நல்ல உரைநடை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.