அது அவங்க குடும்ப விஷயமா?

'புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்கு?'

தமிழ்நாட்டில் இதைவிடக் கொடுமையான வாக்கியம் இல்லை என்பேன். அடிக்கிறவனுக்கு இது லைசென்ஸ். அடி வாங்குகிறவளுக்கு ஆயுள் தண்டனை.

தஞ்சாவூர்ப் பக்கம் எந்த விவசாயியும் வரப்பில் நின்றபடியே 'பயிர் நல்லா இருக்கு' என்று சொல்லிவிட மாட்டார். புகையான் பூச்சி தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலே பார்த்தால் பச்சைப் பசேல். வட்ட வட்டமாகக் காய்ந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? அதனால் வயலில் இறங்கி, பயிரை விலக்கித் தூரைப் பார்ப்பார். நெல்லுக்குக் காட்டும் அந்த அக்கறையைக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நாம் காட்டுவதில்லை. ஆடிக்கு அழைத்து வருகிறோம், பதினெட்டாம் பெருக்குக்குப் படித்துறையில் தாலிக் கயிறு மாற்றுகிறோம், 'பொண்ணு நல்லா இருக்கா' என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம். யார் இறங்கிப் பார்த்தது?

'கஷ்டம்னா அவளே சொல்ல மாட்டாளா?' என்பீர்கள். சொல்ல மாட்டாள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில், இந்திய அளவில் 100க்கு 77 பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் மூச்சும் விடவில்லை. அப்படியானால் பார்க்க வேண்டியது நாம்தானே?

எதைப் பார்ப்பது? காயத்தை மட்டுமல்ல. உங்களோடு போனில் பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரைப் போட்டே பேசுகிறாளா? நாலு நாள் தங்க வந்தவள் 'அவங்க திட்டுவாங்க' என்று மறுநாளே பஸ் ஏறுகிறாளா? கழுத்துச் சங்கிலி எங்கே என்றால் பேச்சை மாற்றுகிறாளா? 'பாத்ரூம்ல வழுக்கிட்டேன்' இது மூன்றாவது தடவையா? நடவுக்குப் போன கூலி யார் கைக்குப் போகிறது? 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் போடத் தொடங்கியது அரசு. அந்த ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் யார் சட்டைப் பையில்?

ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆனால் எதைக் கேட்டாலும் 'அவருக்குப் பிடிக்காது, அவருக்குக் கோபம் வரும்' என்பதே பதிலாக வந்தால், அது குடித்தனம் அல்ல, சிறை.

இதையெல்லாம் நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பாலியல் கொடுமை, வசைபாடி மனதை நோகடிப்பது, பணத்தையும் நகையையும் பறித்துக்கொள்வது எல்லாமே வன்முறைதான். இன்னொன்று முக்கியம். அதன் 4-வது பிரிவுப்படி, வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் பாயாது. அடுத்த வீட்டு விஷயம் என்ற சாக்கு அன்றோடு செல்லாக்காசு.

'பொய் கேஸ் போட்டு ஆம்பளையை உள்ளே தள்ளிடுவாங்க சார்' என்று உடனே கடிதம் வரும். படித்துவிட்டு எழுதுங்கள். இந்தச் சட்டத்தில் முதலில் கிடைப்பது 'அவளைத் தொடாதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு' என்ற உத்தரவுகள்தான். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஜெயில். மீறாதவனுக்கு என்ன பயம்?

சந்தேகம் வந்தால் நேரே போய் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிக்காதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அடி அவளுக்குத்தான் விழும். அவளைத் தனியாகப் பிடித்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, 'அங்க பயமா இருக்கா?' என்று கேளுங்கள். முதல் தடவை இல்லை என்பாள். அடுத்த மாதமும் கேளுங்கள். 181 என்ற எண்ணை மனப்பாடமாக்கிக் கொடுங்கள். பெண்களுக்கான இலவச உதவி எண் அது, எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

எல்லாவற்றையும்விட, 'எப்ப வேணும்னாலும் வந்துடு, நாங்க இருக்கோம்' என்று சொல்லுங்கள். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு தடவையும், அவன் கையை ஓங்க நீங்களும் உதவுகிறீர்கள்.