தண்ணீர் விட்டும் காயும் புல்வெளி: பெர்த் நகரில் குருணை தூவுவது ஏன்?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கோடைக்காலத்தில் இது சகஜமான காட்சி. ஸ்பிரிங்க்ளர் இப்போதுதான் நின்றிருக்கும். புல் மேல் ஈரம் பளபளக்கும். ஆனால், ஒரு விரல் ஆழம் தோண்டினால் மணல் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடக்கும். விட்ட தண்ணீரெல்லாம் எங்கே போச்சு?

இதற்கு அங்கே பலரும் நாடும் தீர்வு, ‘வெட்டிங் ஏஜென்ட்’ எனப்படும் குருணை. உரம் மாதிரி தூவினால் தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையில் மிச்சமாகுமா?

மணல் தண்ணீரைத் தள்ளுமா?

தள்ளும். பெர்த் அமைந்திருப்பது கடலோர மணல் பூமியில். இலை, வேர் போன்றவை மட்கும்போது வரும் மெழுகு போன்ற பொருள் மணல் துகள்கள் மீது படிகிறது. மண் நன்றாகக் காய்ந்துவிட்டால், தாமரை இலையில் விழுந்த துளி போல தண்ணீர் உருண்டு நிற்கும். பிறகு சரிவில் ஓடிவிடும். அல்லது, கிடைத்த ஒரு வழியில் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் புல் திட்டுத் திட்டாகக் காய்கிறது. மாடித்தோட்டத் தொட்டியில் காய்ந்துபோன தென்னைநார்க் கழிவு மேல் தண்ணீர் ஊற்றினால் ஓரமாக வழியுமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

குருணை என்ன செய்கிறது?

பாத்திரம் தேய்க்கும் சோப்பு செய்யும் வேலையைத்தான். குருணையில் உள்ள வேதிப்பொருளின் ஒரு முனை மெழுகைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரை ஈர்க்கும். தூவியதும் நன்றாகத் தண்ணீர் விட்டால் அது கரைந்து மண்ணுக்குள் இறங்கும். அதன் பிறகு விடும் தண்ணீர் பரவலாக ஊறும்.

பெர்த்துக்கு ஏன் இது முக்கியம்?

1970-களில் இருந்தே அங்கு மழை குறைந்துவிட்டது. நிலத்தடி நீரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும்தான் பெரும்பகுதி கைகொடுக்கின்றன. குழாய்த் தண்ணீரில் ஸ்பிரிங்க்ளர் ஓட்ட வாரத்துக்கு 2 நாள்தான் அனுமதி. அதுவும் காலை 9 மணிக்கு முன் அல்லது மாலை 6 மணிக்குப் பின். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலத்தில் ஸ்பிரிங்க்ளருக்கே தடை. கிடைக்கும் அந்த 2 நாள் தண்ணீரும் வேருக்குப் போகாவிட்டால் புல் தாங்காது.

அப்போ தண்ணீர் மிச்சமா?

இங்கேதான் கவனம் தேவை. குருணை தண்ணீரை மண்ணுக்குள் போக விடுகிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங்க்ளர் டைமரைக் குறைக்காமல் பழையபடியே ஓடவிட்டால், கூடுதல் தண்ணீர் வேரைத் தாண்டி வீணாக இறங்கும். புல் பச்சையாகும், பில் குறையாது.

இன்னும் சில வரம்புகளும் உண்டு. சில மாதங்களில் இதன் பலன் மங்கிவிடும், மறுபடியும் தூவ வேண்டும். தண்ணீரை ஏற்கெனவே நன்றாக உறிஞ்சும் மண்ணுக்குப் பெரிய பலன் இல்லை. மணலின் ஈரம் தாங்கும் திறன் கூட வேண்டுமானால் மட்கிய உரமும் களிமண்ணும்தான் சேர்க்க வேண்டும்.

தேவையா என்று எப்படி அறிவது?

காய்ந்த மண் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். 5 விநாடிக்குள் உறிஞ்சிவிட்டால் குருணைக்கு வேலையே இல்லை. ஒரு நிமிடம் தாண்டியும் துளி அப்படியே நின்றால், மண் தண்ணீரைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அப்போது குருணை கைகொடுக்கும். தூவிய கையோடு டைமரையும் குறைக்க மறக்கக் கூடாது.