காந்தத்தின் வலிமையா? முனைவின் திசையா?

மோட்டரின் சுழற்சி வேகத்தை அளக்க வலிமைமிக்க காந்தமே வேண்டும் என மாணவர் பலர் கருதுவர். முனைவின் திசையே முதன்மையானது என்பது எமது கருத்து.

ஏ3144 வகை ஹோல் உணரியின் எழுத்துப் பொறித்த முகத்தைத் தென்முனைவு நெருங்கும்போதே துடிப்புக் கிடைக்கும். வடமுனைவு நெருங்கினால், எத்துணை வலிய காந்தமாயினும் பயனில்லை.

சுழலும் தட்டில் சமநிலைக்காக எதிரெதிரே இரு காந்தங்களை ஒட்டுகிறோம் எனக் கொள்வோம். இரண்டின் தென்முனைவுகளும் உணரியை நோக்கினால் நிமிடத்திற்கு 1200 துடிப்புகள். இரண்டால் வகுக்க 600 சுழற்சிகள். ஒன்று தலைகீழாயின் துடிப்புகள் 600, விடை 300. கணித்தல் சரி, விடை பிழை!

வலிமை குறைந்தால் துடிப்பே வராது. குறையை உடனே அறியலாம். திசை பிழைத்தாலோ நம்பத்தக்க பொய்விடை கிடைக்கும். ஆகவே மாணவர்களே, ஒட்டுமுன் திசையறி கருவியால் சோதியுங்கள்: அதன் ஊசியின் வடமுனைவைக் கவரும் பக்கமே தென்முனைவு.