அளந்து அறிந்த பின்



கடந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சுவாமி, பருவநிலை மாற்றம் பற்றி மறையுரையில் சொன்னீர்கள். கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாதது. அது கூடுகிறது என்று யார் அளந்து பார்த்தார்?” நியாயமான கேள்வி. அனைவருக்கும் பயன்படட்டும் என்று இங்கே மறுமொழி எழுதுகிறேன்.

1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்னும் அறிவியலாளர் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 315 கரியமில வாயுவாக இருந்தன. இன்று அது 420-ஐக் கடந்துவிட்டது. உலகெங்கும் அளப்பதற்காக 2009-இல் ஜப்பான் ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. அதன் பெயர் ‘இபுக்கி’. மூச்சு என்று பொருள். அதே ஆண்டு நாசா ஏவிய கோள் சுற்றுப்பாதையை அடையாமல் வீழ்ந்தது. மனந்தளராமல் 2014-இல் ஓசிஓ-2 என்னும் கோளை அனுப்பினர். நிலத்திலும் கடலிலும் பட்டுத் திரும்பும் கதிரவன் ஒளியில் ஒரு சிறு பகுதியைக் கரியமில வாயு உறிஞ்சிவிடுகிறது. அவ்வாறு குறைந்த ஒளியைக் கொண்டே அக்கோள் வாயுவின் அளவைக் கணிக்கிறது.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியை நிலமும் கடலும் உள்வாங்கிக்கொள்கின்றன. நம் குற்றத்தின் பாதிச் சுமையைப் படைப்பு முறையிடாமல் சுமக்கிறது.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முதலில் ஆன்ம சோதனை வேண்டும் என்று மறைக்கல்வியில் படித்தோம். மனிதகுலத்துக்கு அந்தச் சோதனையை இக்கோள்கள் செய்து தருகின்றன. ஆனால் மனத்துயரும் தீர்மானமும் நம்மிடமிருந்தே வரவேண்டும். சாவான பாவத்துக்கு முழு அறிவு வேண்டும் என்கிறது திருச்சபை. நம் பாட்டனார் அறியாமல் செய்தனர். நாமோ அறிந்தே செய்கிறோம். ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய பின்னும், இது விஞ்ஞானிகளின் வேலை என்று நாம் ஒதுங்குவது முறையன்று.

எந்த வீட்டிலிருந்து எவ்வளவு வாயு சென்றது என்பதை இக்கோள்கள் காண்பதில்லை. அதை அவ்வீட்டாரே அறிவர். ஆகவே இவ்வாரம் உங்கள் மின்கட்டண, எரிவாயுக் கட்டணச் சீட்டுகளைக் கடந்த ஆண்டின் சீட்டுகளோடு குடும்பமாக அமர்ந்து ஒப்பிடுங்கள். ஒரே தெருவிலிருந்து மூன்று வண்டிகளில் கோவிலுக்கு வருவோர் ஒன்றில் வரலாம். பங்கு இல்லத்தின் கட்டணச் சீட்டுகளை வரும் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். என் அறையின் சூடேற்றி தேவையின்றி எரிந்த நாட்கள் பல. அதற்கு நானே முதலில் கணக்குக் கொடுக்கவேண்டும்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை