நமது போர் யாரோடு?

கடந்த தவக்காலத்தில் நண்பர் ஒருவரும் நானும் எனது காரில் ஒரு செபக்கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். ஒலிபெருக்கி அதிர, சாத்தானைக் கட்டுவதும் துரத்துவதுமாக இரண்டு மணி நேரம் கழிந்தது. வெளியே வந்தபோது எமது காருக்குக் குறுக்கே எவரோ வாகனத்தை நிறுத்தியிருந்தார். அவரைத் தேடி நண்பர் போட்ட சத்தம், உள்ளே கேட்ட சத்தத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. உள்ளே வென்ற போருக்கும் வெளியே தோற்ற போருக்கும் இடையில் இருபது அடி தூரங்கூட இல்லை என்பது என்னைச் சிந்திக்க வைத்தது.

ஆவிக்குரிய போர் என்றதும் நம்மவர் எடுத்துக்காட்டுவது எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தையே. பழைய தமிழ் வேதாகமத்தில் வரும் 'சர்வாயுதவர்க்கம்' என்ற சொல்லே கேட்பவரை நிமிர்ந்து உட்காரச் செய்யும். எழுதியவர் பவுல் தாமோ, அவர் வழிவந்த சீடரோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிருபமோ விலங்கிடப்பட்ட ஒருவரின் குரலில் பேசுகிறது. காவல் நிற்கும் போர்வீரனின் உடையையே விசுவாச வாழ்வுக்கு உவமையாக்கும் அந்தக் குரல், அவ்வீரனை எதிரி என்று கூறவில்லை. நமது போராட்டம் மனிதரோடு அன்று என்பதை ஆயுதங்களை விவரிக்கும் முன்னரே கூறிவிடுகிறது. நம்மிற் பலர் அந்த வரியைத் தாண்டி நேரே வாளுக்குப் போய்விடுகின்றோம்.

வாள் அங்கே கடைசியாகவே வருகிறது. முதலில் வருவது இடைக்கச்சை. உண்மை என்னும் கச்சை. தளர்ந்து தொங்கும் அங்கியை இழுத்துக் கட்டினாற்றான் வீரன் நடக்கவும் ஓடவும் முடியும்.

இந்த இடத்தில் எனது பழைய பிழையொன்றைக் கூறியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், இரவுக் கடமையில் இருந்தபோது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஓர் ஆலயத்தின் நிதியில் மோசடி நடந்திருப்பதாகவும் பொறுப்பானவர் இன்னார் என்றும் கூறப்பட்டது. பெயரைத் தவிர்த்து எழுதினேன். ஆனால் ஊரவர் எல்லோருக்கும் ஆள் விளங்கிவிட்டது. இரண்டு வாரங்களில் அது கணக்குப் புத்தகத்தில் நேர்ந்த கூட்டற்பிழை என்று தெரிந்தது. உட்பக்கத்தில், சிறிய எழுத்தில் திருத்தம் போட்டோம். செய்தி மூன்று பத்தி, திருத்தம் நான்கு வரி. முன்வரிசையில் அமர்ந்து வழிபட்ட அந்த மனிதர் அதன் பின்னர் கடைசி வாங்கில் அமர்ந்ததை நான் என் கண்ணாற் கண்டேன்.

அன்றிரவு எதிரி கொம்போடும் வாலோடும் எனது மேசைக்கு வரவில்லை. 'நாளைக்கு மற்றப் பத்திரிகை போட்டுவிடும்' என்ற ஓர் எண்ணமாக மட்டுமே வந்தான். அவ்வேளையிற் கச்சையைத் தேடிப் பயனில்லை. காலையிலேயே கட்டியிருக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபட வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்நாட்களில் செய்தி வாசிக்கையில் என் மனதிலும் வெறுப்பு எழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். மருந்துக்காக வழமையாகச் செல்லும் முஸ்லிம் அன்பரின் கடையைக் கடந்து வேறு கடைக்குப் போனேன். ஒரு வாரம் அப்படியே போனது. குண்டு வைத்தவனுக்கும் எனக்கு இருமல் மருந்து தந்தவருக்கும் என்ன தொடர்பு? மனிதரோடு அன்று என்ற அந்த வரி எனக்கு விளங்கியது, மறுபடி அந்தக் கடைப்படியில் ஏறியபோதுதான். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

ஆயத்தம் என்பதற்கு ஒருவரைச் சுட்டச் சொன்னால் நான் இஞ்ஞாசியாரையே சுட்டுவேன். 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு காலை முறித்த போர்வீரர் அவர். படுக்கையிற் கிடந்தபோது தமது எண்ணங்களையே உளவு பார்த்தார். வீரப் புகழை எண்ணினால் இன்பம் வருகிறது, பின்னர் வறட்சி மிஞ்சுகிறது. புனிதர்களின் வழியை எண்ணினால் மகிழ்ச்சி நிலைக்கிறது என்று கண்டார். 1548இல் அச்சான அவரது ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு சிறிய முறை உண்டு. திருத்த விரும்பும் ஒரு குறையை மட்டும் காலையில் நினைவில் நிறுத்த வேண்டும். நண்பகலிலும் இரவு உணவின் பின்னரும் கணக்குப் பார்த்து, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின் மேல் ஒரு புள்ளி இட வேண்டும். நேற்றைய புள்ளிகளோடு இன்றையவற்றை ஒப்பிட வேண்டும். ஒலிபெருக்கி தேவையில்லை, பென்சில் போதும்.

ஒரு பழைய நாட்குறிப்பில் நானும் இதனைச் செய்து வருகிறேன். எனது குறை, பிறரைப் பற்றி அவர் இல்லாத இடத்திற் பேசுவது. பத்திரிகைக்காரனுக்கு இது தொழில்நோய். ஆகவே இக்கட்டுரையை வெளியிடுமுன் அந்த நண்பருக்குத் தொலைபேசி எடுத்து வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தாராளமாக எழுதுங்கோ அண்ணை. ஆனால் நான் சத்தம் போட்டபோது காருக்குள் இருந்து விடாமல் ஹோர்ன் அடித்தது ஆர் எண்டதையும் எழுதுங்கோ."