ஒரே சாவி அனைவருக்கும் போதுமா?

ஒரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் தனக்கென ஓர் இணையத்தளத்தை நடத்துவதாக எண்ணிக்கொள்வோம். உறுப்பினர்களின் கட்டுரைகளும் நிகழ்ச்சிப் படங்களும் பள்ளிக் கணினியில் இல்லை. எங்கோ தொலைவில் உள்ள சேவையகம் ஒன்றில் இருக்கின்றன. மாணவர்கள் வீட்டில் இருந்தபடியே அச்சேவையகத்துடன் இணைந்து, கோப்புகளைப் பதிவேற்றுகிறார்கள், திருத்துகிறார்கள், தேவையற்றவற்றை நீக்குகிறார்கள். இதற்காக 12 உறுப்பினர்களும் ஒரே பயனர் பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பயன்படுத்துகிறார்கள். இஃது எளிய வழிதான். ஆனால், சரியான வழி அன்று என்பதே என் கருத்து.

ஒரு நாள், ஆண்டு விழாப் படங்கள் இருந்த கோப்புறை காணாமற்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நீக்கியவர் யார்? சேவையகத்தின் பதிவேட்டில் ஒரே பயனர் பெயர்தான் இருக்கும். தவறுதலாக நீக்கியவர் ஒருவர். சந்தேகத்திற்கு ஆளாகிறவர்களோ 12 பேர். தனித்தனிக் கணக்குகள் இருந்தால், எந்தக் கணக்கிலிருந்து தவறு நேர்ந்தது என்பது தெரிந்துவிடும். மற்றவர்கள்மீது வீண்பழி விழாது.

எப்படி இணைகிறோம் என்பதும் முக்கியம். கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் ‘எஃப்.டி.பி.’ என்ற நெறிமுறையை, இந்தியாவில் பிறந்த அபய் பூஷண் 1971ஆம் ஆண்டு எழுதினார். அக்காலத்தில் ஒன்றோடொன்று இணைந்திருந்த கணினிகள் மிகச் சில. எனவே, கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்புவது பெரிய குறையாகத் தோன்றவில்லை. பின்னர், ஃபின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினிக் கட்டமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அதனைக் கண்ட ஆய்வாளர் தத்து இலோனன், 1995இல் ‘எஸ்.எஸ்.எச்.’ என்ற பாதுகாப்பான முறையை உருவாக்கினார். இம்முறையில், அனுப்பும் தகவல்கள் இடையில் எவரும் படிக்க முடியாதபடி மறையெழுத்தாக மாற்றப்படுகின்றன. இதன்மீது இயங்கும் ‘எஸ்.எஃப்.டி.பி.’ வழியாகவே நாம் இன்று கோப்புகளை அனுப்ப வேண்டும்.

“ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கா? அது வீண் தொல்லை!” என்று சிலர் கூறலாம். தொடக்கத்தில் சற்றுக் கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. ஆயினும், உறுப்பினர் ஒருவர் பள்ளியை விட்டுச் செல்லும்போது என்ன நடக்கும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். தனிக் கணக்கு இருந்தால், அதனை மட்டும் மூடிவிடலாம். ஒரே கடவுச்சொல் என்றால், அதனை மாற்றி மற்ற அனைவருக்கும் மீண்டும் தெரிவிக்க வேண்டும். பல கழகங்கள் இதனைச் செய்ய மறந்துவிடுகின்றன. முன்னாள் மாணவர்களின் கையில் சாவி தங்கிவிடுகிறது.

மேலும், தனிக் கணக்கின்வழி ஒருவருக்குத் தேவையான உரிமையை மட்டும் கொடுக்கலாம். படங்களைப் பதிவேற்றுபவருக்குப் படக் கோப்புறை போதும். தளம் முழுவதையும் மாற்றும் உரிமை எதற்கு? அடுக்குமாடிக் கட்டடத்தில் மின்தூக்கியும் படிக்கட்டும் அனைவருக்கும் பொது. ஆனால், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சாவி உண்டு. அதனால் அண்டை வீட்டார் நம்மைத் தவறாக நினைப்பதில்லை.

கோப்புகளைப் பகிர்ந்துகொள்வோம், கடவுச்சொல்லைப் பகிர வேண்டாம். உங்கள் கழகத்தில் இப்போது எத்தனை பேரிடம் ஒரே சாவி இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் முதலில் இதனைக் கேளுங்கள்.