விசிறிப் பொருத்தம்

வானிற் பறக்க விழைவோர் முதற்கண் வினவுவது, "இஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி?" என்பதே. அவ்விஞ்சின் சுழற்றவேண்டிய புரொப்பெல்லர் என்னும் விசிறி எத்தகையது என வினவுவோர் மிகச் சிலர். தாமே விமானம் இயற்றிப் பறக்க முயல்வோர்க்கு இவ்வசட்டை உயிர்க்கே இறுதியாய் முடியக்கூடும் ஆதலின், இதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

இவ்வேட்கை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1910-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ தாஞ்சலிஸ் என்பார், தாம் வகுத்த அமைப்பின்படி சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு விமானம் ஒன்றைச் செய்வித்துப் பல்லாவரத்திற் பறந்து காட்டினார். அக்காலத்து ஐரோப்பாவிற் பெயர்பெற்று விளங்கியது பிரெஞ்சு நாட்டு நோம் என்னும் சுழல் இஞ்சின். அதன் சிலிண்டர்கள் யாவும் விசிறியோடு ஒன்றாய்ச் சுழன்றன. எனவே இரண்டிற்கும் வேகம் ஒன்றே. நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,200 சுற்று. பொருத்தம் எளிதாயிருந்தது.

இக்காலத்துச் சுழல் இஞ்சினோ வேறு. ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கல் என்பாரால் உருவாகி, 1957-இல் முதன்முதல் இயங்கிய இவ்வகையில், முக்கோண வடிவான சுழலி ஒன்று கூட்டினுள்ளே சுற்றுகிறது. எடை குறைவு, அசையும் உறுப்புக்களும் சில. ஆதலின் மேனாடுகளில் வீட்டிலேயே விமானம் கட்டுவோர் சிலர் மாஸ்தா காரின் இவ்வகை இஞ்சினை விரும்பி ஏற்றனர். ஆயினும், இது தன் நிறைந்த ஆற்றலைத் தருவது நிமிடத்திற்கு ஏறக்குறைய 6,000 சுற்றிலேதான்.

இடர் இங்கேதான் உளது. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள விசிறியை இவ்வச்சில் நேரே பூட்டின், அதன் நுனி விநாடிக்கு 470 மீட்டர் விரையும். ஒலியின் வேகமோ 340 மீட்டரளவே. ஒலியை மிஞ்சிய நுனி பேரிரைச்சல் எழுப்புமேயன்றி விமானத்தைச் செவ்வனே செலுத்தாது. பற்சக்கரங்களால் வேகத்தை இரண்டரையில் ஒரு பங்காகக் குறைப்பின், நுனி வேகம் 190 மீட்டருக்குள் அடங்கும்.

அவ்வளவில் அமையுமோவெனின், அமையாது. அதே வடிவும் அதே வேகமும் உடைய விசிறியின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், அதற்கு வேண்டும் ஆற்றல் 1.6 மடங்காகிறது. இதழின் சரிவு மிகுந்தால், இஞ்சின் தன் வலிமை தோன்றும் வேகத்தை எட்டமாட்டாது தரையிலேயே திணறும். குறைந்தால், வானில் அளவு கடந்து ஓடும். அன்றியும், இஞ்சின் விட்டுவிட்டுத் தரும் உதைப்பும் கனத்த விசிறியின் இயல்பான அதிர்வும் ஒத்துக்கொள்ளின், பற்சக்கரமோ அச்சோ முறிதலும் கூடும். பொருத்தம் பாராது முடித்த மணம் போல, தனித்தனியே நல்லனவாகிய இரண்டும் கூடியவிடத்துக் கேடு விளையும்.

நம் நாட்டிற் செய்த வாங்கல் இஞ்சின் கொண்டு நிஷாந்த் என்னும் ஆளில்லா விமானம் 2009 ஏப்ரல் 5-இல் கோலாரிற் பறந்தது. ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள அவ்விஞ்சினைப் பெங்களூர், அகமத்நகர் ஆய்வுக்கூடத்தார் கூடி ஆக்கினர். தரையில் நெடுநேரம் ஓட்டிச் சோதித்த பின்னரே அதற்குப் பறக்க அனுமதி கிடைத்தது. ஆளே ஏறாத விமானத்திற்கு இத்துணைக் காவல் வேண்டுமாயின், தன்னுடலையே ஏற்றிச் செல்பவனுக்கு எத்துணை வேண்டும்!

சேக்காட்டைச் சூழ்ந்த நம் பகுதியில் இதற்குக் கைத்திறன் குறைவில்லை. ஆவடியிற் போர் டாங்கிகள் கட்டும் தொழிற்சாலை உண்டு. அம்பத்தூரில் லேத்துப் பட்டறைகள் பல உள. குறையுடையது அளந்து பார்க்கும் வழக்கமே. ஆகவே, இஞ்சினையும் விசிறியையும் ஒருங்கே பூட்டி, இழுவிசையை வில் தராசாலும் சுற்றினை எண்ணும் கருவியாலும் அளக்கத்தக்க சோதனை மேடை ஒன்றைப் பொறியியற் கல்லூரிகளும் பட்டறையாரும் கூடி இப்பகுதியில் அமைத்தல் வேண்டும் என்பது நமது கருத்து. அதற்காகும் செலவு, உடைந்த ஒரு விமானத்தின் விலைக்கு நேராகாது. போன உயிருக்கோ விலையே இல்லை. கோபுரம் கட்டப் புகுவோன் முன்னரே அமர்ந்து கணக்கிடல் வேண்டும் என்பதை வேதபாட வகுப்பிற் கேட்டிருக்கிறோம். வானேறப் புகுவோனும் அங்ஙனமே முதலில் தரையில் அமர்ந்து கணக்கிடுவானாக.